பாசி என்று சொன்னவருக்கு

இன்று காலை கல்யாணமுருங்கைக் கொம்பு ஒன்றை வெட்டி வந்து சீவிக்கொண்டிருந்தேன். பச்சை மரத்தின் வாடை மூக்கில் ஏறியது. உடனே உம் நினைவு வந்தது. அதன் பின்னாலேயே பொறாமையும் வந்து நின்றது. நீர் போய் ஒரு வெயில்காலம் கழிந்துவிட்டது. கல்லறைக்குள் கிடக்கிறவர்மேல் ஒருவன் பொறாமைப்படுவானா என்று கேட்பீர். நான் படுகிறேன். உம்மிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்த புதிதில் நீர் ஸ்டேஷனுக்குத் தந்தி குமாஸ்தாவாக வந்தீர். நான் அதற்கு முன்பே இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். இரண்டு பேருக்கும் பாளையங்கோட்டைதான் சொந்த ஊர் என்றாலும் அங்கே ஒருவரை ஒருவர் கண்டதில்லை. இங்கே குளத்தங்கரையில்தான் கண்டோம். மீன் வாடையே ஆகாத சைவக் குடும்பங்கள் நிறைந்த ஊரில், தூண்டில் போடுகிற இரண்டு உத்தியோகஸ்தர்கள் சந்தித்துக்கொள்ள வேறு இடமும் இல்லை. பிடித்ததைத் தாமரை இலையில் சுற்றி, மடக்கிய குடைக்குள் செருகிக்கொண்டு, தெரு வழியே ஒன்றும் அறியாதவர்கள்போல நடந்து வருவோமே, அப்படித்தான் நம் சிநேகம் தொடங்கியது.

நம் பக்கத்தில் விராலுக்கு உயிர்த் தவளையைத்தான் முள்ளில் கோப்பார்கள். நீளமான மூங்கில் கம்பால் அதைத் தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போகவிட்டால், தாமரை இலைக்கு அடியிலிருந்து விரால் சீறிக் கிளம்பி வந்து கவ்வும். பகலெல்லாம் சீழ்க்கட்டியும் வெட்டுக்காயமும் பார்க்கிற எனக்கு, சாயங்காலம் ஒரு தவளையின் முதுகில் முள்ளைக் குத்தக் கை வரவில்லை. அதனால் மரத்தில் செதுக்கினேன். கல்யாணமுருங்கை நன்றாக மிதக்கும். கத்திக்கும் இளகிக் கொடுக்கும். கோழி இறகைக் காலாக வைத்துக் கட்டி, விளக்குக்கரியைப் புன்னை எண்ணெயில் குழைத்துப் பூசி, முதுகில் பச்சைப் புள்ளிகள் வைப்பேன். பார்த்தவர்கள் தொட்டுப் பார்த்த பிறகுதான் மரம் என்று நம்பினார்கள். சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு பொய்த்தவளை செய்ய வேறு ஆள் கிடையாது. அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

நீர் முதல் நாளே அதில் கை வைத்தீர். என் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து பார்த்தீர்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீரு வே. ஆனா மீனு கீழ இருந்துல்லா பாக்குது? அதுக்கு வயிறுதான தெரியும். முதுகுல இம்புட்டுச் சித்திரம் யாருக்கு?"

சிரித்து மழுப்பினேன். வீட்டுக்குப் போய் வெகுநேரம் அந்தத் தவளையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வெறும் மரமாக இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம் சேர்ந்து திரிந்தோம்! செதுக்குகிறவன் நான், எடுக்கிறவர் நீர் என்று தானாகவே ஆகிவிட்டது. பேர் வைத்தவரும் நீர்தான். நெஞ்சு தட்டையாக, சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போவதற்கு ஊமை. வாய்ப்பக்கம் குழிவாகக் குடைந்து, இழுக்கும்போது களக் களக்கென்று தண்ணீரைக் குடிப்பதற்குச் சலம்பி. முள் மேல்நோக்கி இருப்பதால் இலைமேல் ஏறி இறங்கிப் போகிற சின்னதற்குத் தத்தி. கிளிப்பச்சையும் மஞ்சளும் பூசி நான் ஆசை ஆசையாகச் செய்த பெரியதற்கு ராசா. சோதித்துப் பார்த்த முதல் நாளுக்குப் பிறகு ராசா பெட்டியைவிட்டு இறங்கியதே இல்லை. தண்ணீரில் போட்டால் குப்புறக் கவிழும்.

கரையில் வந்து நின்றதும் நீர் பேச்சை நிறுத்திவிடுவீர். தண்ணீரைப் பார்ப்பீர். அப்புறம் திரும்பாமலேயே கையை நீட்டுவீர். "ஊமையக் கொடும் வே. குளம் கண்ணாடியாக் கெடக்கு. சத்தம் போட்டா மெரண்டு போவும்." காற்றடித்துத் தண்ணீர் சிலிர்த்துக் கிடந்தால் சலம்பி. அந்தி மயங்கினால் கரி பூசிய எதுவும் சரி. வெளிச்ச வானத்துக்கு எதிராக நிழல் தெரிந்தால் போதும் என்பீர். நீர் எடுத்தது தப்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதே ஊமையை, அதே இடத்தில், நீர் எறிவதற்குச் சற்று முன்னால் நான் எறிந்திருப்பேன். எனக்கு ஒரு சுழிப்புகூட வராது. உமக்கு வரும்.

"அப்படி என்னதான் வே பாக்கீரு?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"நான் எங்க பாக்கேன்? சும்மா நிக்கேன்."

அந்தப் பதில் என்னை எவ்வளவு எரித்தது என்று உமக்குத் தெரியாது. கற்றுக்கொண்ட வித்தை என்றால் நானும் கற்றுக்கொள்ளலாம். சும்மா நிற்பதை எங்கே போய்க் கற்பது? குடைக்குள் மீனோடு வீட்டுக்குப் போனால் என் மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணன் பிடிச்சதா?" என்று கேட்பாள். மீன் பெரிதாக இருந்தால் கேட்கவே மாட்டாள். உமக்கு ஒரு துண்டு எடுத்து வைத்துவிடுவாள். என் கத்தி, என் மரம், என் விரலில் பட்ட காயம். ஊர்ப்பேச்சிலோ அது தந்திக்காரர் பிடித்த மீன்.

பிறகு அந்தத் துரை வந்தார். விக்கிரமசிங்கபுரத்து நூல் ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர். தந்தி கொடுக்க ஸ்டேஷனுக்கு வந்தபோது உம்மோடு மீன் பேச்சு பேசியிருக்கிறார். நம் குளத்தில் வாத்துக் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு போகிற பெரிய விரால் ஒன்று இருப்பதை நீர் சொல்லப்போக, அவருக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த மீனைத் தமக்குக் காட்டிக் கொடுத்தால் ஆலையில் சரக்கு வைக்கிற உக்கிராணத்துக்கு உம்மைப் போட்டு, ஆற்றங்கரையில் வீடும் தருவதாகச் சொன்னார். நீர் வந்து என்னிடம் அதைச் சொன்னபோது உம் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம். மூன்று பெண்பிள்ளைகளோடு ரயில்வேக்காரர்களின் ஒற்றை அறையில் புழுங்கிக்கொண்டிருந்தவர் நீர். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் நான். "நல்லது வே" என்று வாய் சொன்னது. என்னுடைய பெட்டியைத் திறந்துதானே அந்த வீட்டுக்குள் நுழையப்போகிறீர் என்று வயிறு சொன்னது.

கார்த்திகை மாதம். மழை விட்டுத் தண்ணீர் தெளிந்திருந்த ஒரு பிற்பகல். துரை நூல் சுற்றும் சக்கரம் வைத்த கம்போடும் தகரப் பெட்டியோடும் வந்தார். பெட்டிக்குள் பித்தளைத் தகடுகள், கண்ணாடிக் கண் பதித்த மீன்கள். ஒவ்வொன்றும் நகைபோல இருந்தது. எறிந்தார். எல்லாம் மூழ்கித் தாமரைத் தண்டில் சிக்கின. நெடுநேரம் பிய்த்து இழுத்துக் களைத்துப்போய், உம்மைப் பார்த்தார். நான் பெட்டியைத் திறந்து உம் பக்கம் நீட்டினேன்.

நீர் தண்ணீரைப் பார்த்தீர். நானும் பார்த்தேன். அன்றைக்கு எனக்கும் தெரிந்தது. மடைக்கு இந்தப் பக்கம், எறிகிற தூரத்துக்குள், தண்ணீர்மேல் செக்கச்செவேலென்று ஒரு பாய் அகலத்துக்கு ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. விரால் குஞ்சுகள். அவற்றுக்குக் கீழே சற்று ஆழத்தில், ஒரு கை நீளத்துக்குக் கருப்பாக அது நின்றது. குஞ்சுகளுக்கு நடுவே தத்தியை ஒரு தடவை தத்தவிட்டால் போதும். பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பாய்ந்து வந்து அடிக்கும். வீடு, உக்கிராணம், எல்லாம் அந்த ஒரு எறிதலில் இருந்தது.

உம் கை பெட்டிக்குள் போயிற்று. ராசாவை எடுத்தது.

நான் திகைத்துப்போனேன். நீர் என்னைப் பார்க்கவேயில்லை. துரையிடம் ராசாவைக் கொடுத்து, குளத்தின் நடுவே வெறும் ஆழத்தைக் கை காட்டினீர். துரை சிவப்பைக் காட்டி என்னவென்று கேட்டார்.

"அதுவா துரை? அது பாசி" என்றீர்.

ராசா அன்றும் குப்புறக் கவிழ்ந்து மிதந்தது. வெயில் சாயும்வரை துரை எறிந்துகொண்டே இருந்தார். கடைசியில் பொறுமை இழந்து என்னைப் பார்த்தார். "வேறே இருக்கா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்.

தத்தி என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. அதை எடுத்து நீட்டியிருந்தால் அந்த மீன் என் மீன். ஆலையிலும் ஒரு மருந்தகம் உண்டு. அங்கும் கம்பவுண்டர் வேண்டும். அதெல்லாம் எனக்குள் ஓடியது. ஆனால் உம்முடைய முதுகைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை வேர்வையில் ஒட்டிப்போய், அசையாமல், தண்ணீரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தீர்.

"இல்ல துரை" என்று பெட்டியை மூடினேன்.

துரை போன பிறகு கரைமேல் நடந்தோம். நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

"ஏன் வே பாசின்னு சொன்னீரு?"

"காவலுக்கு நிக்கதப் பிடிச்சுட்டா குஞ்சு என்னத்துக்கு ஆகும்? கெழுத்தி மீனு ஒரு பொழுதுல தின்னு தீத்துரும்லா."

"வீடு?"

"வீட்டுல சொல்லணும். அதுதான் வே கஷ்டம்" என்றீர்.

உம்மோடு ஸ்டேஷன் பக்கத்து உம் அறைவரை வந்தேன். ஆற்றங்கரை வீட்டுக்குப் போகலாம் என்று உம் மனைவி அம்மியைக்கூடக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். நீர் சொன்னதும் அம்மியைத் திருப்பிப் போட்டு மிளகாய் வைத்து அரைக்கத் தொடங்கினார். அந்தச் சத்தத்தை நீர் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர். உம் வாழ்க்கையில் நான் பொறாமைப்படாத நேரம் அது ஒன்றுதான்.

வீடு திரும்பும்போது அதுவும் மாறிவிட்டது. அதுவரை உம் கண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன், அன்றிலிருந்து உம்மையே பார்த்துப் பொறாமைப்பட்டேன். கண் பிறவியில் வந்தது என்று மனசைத் தேற்றலாம். இதை என்ன சொல்லித் தேற்றுவது?

போன ஐப்பசியில் அந்தக் காய்ச்சல் வந்தது. ரயில் வண்டிக்கு வண்டி ஆள் இறங்க, அவர்களோடு காய்ச்சலும் ஊருக்குள் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கலக்கி என் கை மரத்துப்போயிற்று. உமக்கும் நானே மருந்து கொண்டுவந்தேன். மழை கூரையில் இறங்கிக்கொண்டிருந்த மத்தியானம். கண்ணைத் திறக்காமலேயே கேட்டீர்.

"குளம் பெருகிட்டா வே?"

"பெருகிட்டு. செங்காவியாக் கலங்கிக் கெடக்கு."

"அப்பம் சலம்பியப் போடும். கண்ணு தெரியாத தண்ணியில காதுக்குத்தான் வேல."

அதற்குப் பிறகு நீர் பேசியதெல்லாம் பிள்ளைகளின் பேர்கள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துக் குளத்துக்குப் போனேன். வீம்புக்கு ஊமையைத்தான் முதலில் போட்டேன். ஒன்றும் இல்லை. சலம்பியைப் போட்டேன். முதல் எறிதலிலேயே தண்ணீர் பிளந்தது. படுக்கையில் கிடந்து, கண்ணை மூடிக்கொண்டு நீர் எடுத்துக் கொடுத்தது அது. கம்பைக் கீழே போட்டுவிட்டு, மீன் நூலை அறுத்துக்கொண்டு போவதைப் பார்த்தபடி கரையில் உட்கார்ந்து அழுதேன். அந்த அழுகையில் பாதி பொறாமை என்பதை உமக்கு மட்டும் சொல்கிறேன்.

போன வாரம் மடை திறக்கிறவர் ஒரு விராலைத் தூக்கிக் காட்டினார். "என்ன கம்பவுண்டர் அண்ணாச்சி, இந்தக் குளத்துல இப்பம் கால் வச்ச இடமெல்லாம் விராலாக் கெடக்கு!"

"எல்லாம் அவரு மீனு" என்று வாயில் வந்துவிட்டது.

"எவரு?"

கரைமேல் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். உம்மை இன்னொருவரிடம் நான் புகழ்ந்தது அதுவே முதல் தடவை. அவர் மீனைக் கழுவிக்கொண்டே கேட்டார். கடைசியில் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பம் நீங்களுந்தான் பெட்டிய மூடியிருக்கீங்க. உங்களுக்கும் பங்கு உண்டுல்லா அண்ணாச்சி?"

உண்டுதான். நானும் மூடினேன். ஆனால் உம் முதுகைப் பார்த்துவிட்டு மூடினேன். நீர் ராசாவை எடுத்தபோது, பார்த்துச் செய்ய உமக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. நம் இருவருக்கும் நடுவே உள்ள தூரம் அவ்வளவுதான். ஒரு மனிதர் நிற்கிற அகலம். அதைத்தான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன்.