மஞ்சள் வாசனை வந்த தாள்கள்

ராகலை,
24.6.1962

என் அன்பு மகள் நாகலெட்சுமிக்கு, அப்பா வீரய்யா ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மாடும் நலம். இதை உனக்குப் பள்ளியில் படித்துக் காட்டும் ஐவி டீச்சருக்கும் என் வணக்கம். டீச்சர், பாதிக் கடிதத்துக்கு மேல் கொஞ்சம் மெதுவான குரலில் படியுங்கள். மற்றப் பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள்.

நீ சங்கீதப் பரீட்சையில் தேறிவிட்டாய் என்ற கார்டு வியாழக்கிழமை வந்தது. தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவன், சுத்தியலைப் போட்டுவிட்டு லயத்து வீட்டுக்கு ஓடினேன். இனி உன்னைப் பிரம்பு பின்னும் வகுப்புக்கு மாற்றமாட்டார்கள், பாட்டு வகுப்பிலேயே இருப்பாய் என்று படித்ததும் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

பரீட்சைக்கு நான் அனுப்பிய உன் சுரத் தாள்களில் ஏன் மஞ்சள் வாசனை வருகிறது என்று கேட்டிருந்தாய். மறைத்துப் பயனில்லை, சொல்லிவிடுகிறேன்.

சித்திரை விடுமுறைக்கு வந்தபோது, ஈரம் படக்கூடாதென்று அந்தத் தாள்களை அடுப்புக்கு மேலே கூரைச் சட்டத்தில் செருகிவைத்து மறந்துபோனாய். நாங்கள் வேலைக்குப் போன பிறகுதான் அவற்றைத் தடவிப் படித்திருக்கிறாய். அதனால் அவை என்னவென்றே எங்களுக்குத் தெரியாது. நீ போன பிறகு ஒட்டடை அடித்த அம்மாவின் கையில் கிடைத்தன. எழுத்து ஒன்றுமில்லை, தாள் முழுக்க ஊசியால் குத்தியது போலப் புள்ளிகள். அந்த வாரம் பார்த்து மாட்டுக்கும் பால் குறைந்தது. வேறென்ன வேண்டும்? செய்வினைதான் என்று பயந்து, கோயில் பூசாரி அழகுமுத்துவிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவரும் 'யாரோ வேணும்னே குத்தி வச்சிருக்காங்க, ராக்காயி' என்றாராம். எரித்தால் புகை லயத்துக்குள் வருமென்று, மஞ்சள் தூள் தூவி, பிஸ்கட் டின்னில் போட்டு, பேய் வெளியே வராதபடி மூடியைச் சுற்றித் தார் பூசி, ஓடைக்கரையில் புதைத்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பரீட்சைக்கு அந்தத் தாள்களை அனுப்பச் சொல்லி உன் கடிதம் வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவை விரலால் தடவிப் படிக்கும் சுரங்கள், ஆறு மாதம் உன் கையால் குத்தியவை, வேறு பிரதி கிடையாது என்று நான் படிக்கப் படிக்க அம்மா தலையில் அடித்துக்கொண்டு, புதைத்ததைச் சொன்னாள். நான் திட்டிய திட்டு அடுத்த லயம் வரை கேட்டது.

மண்வெட்டியோடு போனேன். பூசாரி கையில் எலுமிச்சம்பழத்தைப் பிடித்தபடி பத்தடி தள்ளி நின்று இடத்தைக் காட்டினார். பெய்த மழைக்குக் கூழாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே தோண்டினேன். திறந்தால் காய்ந்த தாள்! பேய் உள்ளே இருந்ததோ இல்லையோ, தண்ணீர் உள்ளே போகவில்லை. நம் மானத்தைக் காப்பாற்றியது அழகுமுத்துவின் தார்தான். மாடு மறுபடி கறப்பதும் தன்னால்தான் என்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும்.

புள்ளிகள் சரியாக இருக்கின்றனவா என்று என் காய்த்த விரலுக்குத் தெரியவில்லை. தொடவே பயந்த அம்மாதான் கண்ணை மூடிக்கொண்டு வரி வரியாகத் தடவினாள். 'எல்லாம் நிக்குதுங்க. கடைசித் தாள் மூலையில மட்டும் அமுங்கியிருக்கு' என்றாள். தாள்களை மடிக்காமல், பெட்டிப் பலகை இரண்டுக்கு நடுவில் வைத்துக் கட்டினேன். தபால் கந்தோரில் முத்திரை குத்த ஓங்கிய சிங்கள மாத்தயாவின் கையைப் பிடித்துவிட்டேன். முதலில் ஏசினார். புள்ளி அமுங்கிவிடுமோ என்ற என் பயத்தைக் கேட்டதும் ஓரமாக மெல்லக் குத்தினார்.

அம்மா மேல் கோபப்படாதே, தாயி. நீ கண் தெரியாமல் பிறந்ததே யாரோ வைத்த வினை என்று பதினான்கு வருடமாகப் பயந்துகொண்டிருப்பவள் அவள். கோபப்படுவதென்றால் என் மேல் கோபப்படு. நீ பாடுவதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேனே தவிர, எதை வைத்துப் படிக்கிறாய் என்று ஒரு நாளும் உன்னைக் கேட்கவில்லை.

அம்மா ஒன்று கேட்கிறாள். உன் பெயரை மட்டும் ஒரு தாளில் புள்ளியாகக் குத்தி அனுப்புவாயாம். தினமும் தடவிப் பார்த்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவாளாம். அவள் விரலுக்கு உன் பெயர் பழகிவிட்டால், இனி நீ எதை மறந்து வைத்துவிட்டுப் போனாலும் அது தன் பிள்ளையுடையது என்று தெரிந்துகொள்வாளாம்.

மாரியம்மன் உன் தொண்டையையும் விரலையும் காக்கட்டும்.

உன் அப்பா,
வீரய்யா