குடிலுக்கு வைக்கோல்

டிசம்பர் 23, பீடோங், மலேசியா

இருபது வருடமாக மாதா கோயில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு என் மாட்டுக் கொட்டகை வைக்கோல்தான். இன்று மாலையும் ஒரு கட்டு கொண்டுபோனேன். குடிலில் பிளாஸ்டிக் புல் விரித்திருந்தார்கள்.

"இந்த வருஷம் வைக்கோல் வேணாம்லா, அண்ணே. ஏர்கான் போட்டு கதவெல்லாம் அடைச்சாச்சு, மாட்டு நாத்தம் அடிக்கும்" என்றார் கமிட்டித் தலைவர்.

"ஆண்டவர் பொறந்த எடம் மணமாவா இருந்துச்சு, தம்பி?"

போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நாங்கள் குளித்து மணத்த பிறகு வருகிறேன் என்று ஆண்டவர் காத்திருக்கவில்லை. எங்கள் நாற்றத்துக்குள்ளேயே இறங்கினார். அதை விட்டால் கிறிஸ்துமஸில் வேறு என்ன இருக்கிறது?

குடிலின் தீவனத் தொட்டியில் இரண்டு கைப்பிடி வைக்கோலைத் திணித்து, மேலே அவர்கள் புல்லைப் போட்டு மூடிவிட்டு வந்தேன். நாளை இரவு பாலன் சுரூபத்தை அதில் கிடத்தப்போவது அதே தலைவர்தான். குனிந்தால் மூக்கில் ஏறும். ஏறட்டும்.