சத்தம் போன ஜீப்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கந்தப்பளைப் பக்கம் ஒன்றும் தெரியாத அளவுக்கு மூட்டம்.

ஹோட்டல் மெனேஜர் மிஸ் ஃபோன். வழக்கம் போல ஸ்பீக்கரில் போட்டு, முழுச் சத்தமும் கூட்டி, வாசலில் நின்று பேசினேன். போன வாரம் பட்டிப்பொலைக்குக் கூட்டிப்போன வெள்ளைக்காரர்களின் முறைப்பாடு. ஜீப்புக்குள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லையாம். இறங்கிய பிறகும் காதில் இரைச்சலாம். சனிக்கிழமை யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று வருகிறது. அதற்குள் சரி செய்தால் ஆகஸ்ட் சீசன் முழுக்க என் ஜீப். இல்லாவிட்டால் வேறு வேன் பார்த்துக்கொள்வார்களாம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஜீப் என்றால் சத்தம் போடத்தான் செய்யும்! மெத்தையில் போக ஆசை என்றால் காரில் போகட்டும். இதெல்லாம் ஜெயாவிடம் சொன்னது. மிஸ்ஸிடம் சொன்னது "சரி மிஸ், சரி மிஸ்" மட்டும். சீசன் போனால் இந்த வருஷம் எழும்ப முடியாது.

ஜெயா: "என்கிட்ட ஏங்க கத்துறீங்க? இது ஜீப்பு இல்ல, வீடு."

பொண்டாட்டியிடம் கூட மெதுவாகப் பேச வேண்டுமாம்.

மத்தியானம் வண்டி சீட் தைக்கும் ரஸீன் நானாவின் குஷன் கடை. தடித்த கார்ப்பட் போதும் என்று நினைத்துப் போனேன். நானா இல்லை என்று தலையாட்டினார். "கார்ப்பட் போட்டு வேலயில்ல. தகரம் ஆடுற ஆட்டத்த நிப்பாட்டணும்." ஜீப் கதவைத் தட்டினார். டொங். ஒரு துண்டு ஷீட்டை உள்ளே ஒட்டி மறுபடி தட்டினார். தொப். ஒரு பக்கம் வெள்ளித்தாள், மறுபக்கம் தார் மாதிரி ஒட்டும் ரப்பர். அவ்வளவுதான் மாயம்.

"மொதல்ல ஒங்கட சைலன்சர் ஓட்டைய அடைங்க. நீங்க வார சத்தம் எங்கட கடைக்கே கேக்குது."

ஜூலை 9, புதன்

மழை விட்டது. காற்று மட்டும்.

சீட் எல்லாம் கழற்றியாயிற்று. அடியில் கிடந்தவை: குழந்தைச் சப்பாத்து ஒன்று. காய்ந்த தோடம்பழத் தோல். ஜெயாவின் குடைக் கைப்பிடி (நான் தொலைத்ததாகத் திட்டியது). நான் கால் வைக்கும் இடத்தில் துரு. சுரண்டி, தின்னரில் துடைத்து, ஷீட் வெட்டி வைத்தால் ஒட்டினால்தானே! இந்தக் குளிருக்கு ஓரமெல்லாம் எழும்புகிறது.

நானாவுக்கு ஃபோன். சூடு காட்டி, உருளையால் அழுத்த வேண்டுமாம். சூட்டுக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டுக் கலா கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். அவளுடைய முடி காய வைக்கும் மிஷினை ஜெயா வாங்கி வந்தாள். கலாவும் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"என்னண்ணே, ஜீப்புக்கு எப்ப கல்யாணம்?"

லயத்து வரிசை வீடு முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும். தரை முடிந்தது. கதவு இரண்டு முடிந்தது. வெள்ளித்தாள் விரலைக் கிழித்துவிட்டது.

ஜூலை 10, வியாழன்

மற்றக் கதவுகள், கூரை, எஞ்சினுக்கும் காலுக்கும் நடுவில் உள்ள தகரம். ஷீட்டுக்கு மேல் ஸ்பொஞ்ச். கதவுக்குப் புது ரப்பர். தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் அடைக்கவில்லை, நானா படித்துப் படித்துச் சொன்னார். சைலன்சர் வெல்டிங்கும் ஆயிற்று.

ஜெயாவை ஏற்றிக்கொண்டு தேயிலை பெக்டரி வரை ஓட்டிப் பார்த்தேன். அம்மாடி! என் ஜீப்பா இது? ஆனால் ஒரு மாதிரியாகவும் இருந்தது. எப்போதும் இரைச்சலை வைத்துத்தான் கியர் மாற்றுவேன். இப்போது காலில் வரும் அதிர்வு மட்டும்.

ஜெயாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. பாடுகிறாள். திரும்பி ஏதோ கேட்டாள். "ஆமா, ஆமா" என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாடவில்லை.

இரண்டு நாள் தூசி. காதைச் சுத்தம் பண்ண வேண்டும்.

ஜூலை 12, சனி

படுத்தேன், எழுந்து வந்துவிட்டேன். எழுதினால் மனசு அடங்குமா பார்ப்போம்.

யாழ்ப்பாணத்து ஐயா, ரிட்டயர் ஆன வாத்தியார். அவர் மனைவி. மகள். மூன்று பேரும் பின்னால். போகும்போது எல்லாம் நல்லபடி. கண்ணாடியில் பார்த்தேன், பேசிக்கொண்டே வந்தார்கள். திரும்பும்போது எஸ்டேட் ரோட்டில், பாறை வளைவு.

அந்த வளைவுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேலிருந்து இறங்குகிறவன் ஒரு ஹார்ன் அடித்து நிற்க வேண்டும். கீழே வண்டி இருந்தால் இரண்டு அடித்துப் பதில் சொல்லும். பதில் வந்தால் மேலேயே ஒதுங்கி வழிவிட வேண்டும். வராவிட்டால் போகலாம். ஒன்று அடித்தேன். நின்றேன். பதில் இல்லை. இறங்கினேன்.

வளைவில் தேயிலைக் கொழுந்து லொறி. மூஞ்சிக்கு மூஞ்சி.

பிரேக்கை எப்படி மிதித்தேன் என்று தெரியாது. என் பக்கத்து சைட் கண்ணாடி லொறியில் பட்டு உடைந்து விழுந்தது. மறுபக்கம் பள்ளம். லொறியில் குமார், ஜெயாவின் தம்பி. இறங்கி ஓடி வந்தான்.

"மச்சான்! ரெண்டு தரம் அடிச்சேனே!"

"அடிக்கலடா! பொய் சொல்லாத!"

பின்னாலிருந்து ஐயா என் தோளைத் தொட்டார். "தம்பி, அவர் ரெண்டு தரம் ஹார்ன் அடிச்சவர். எங்களுக்குக் கேட்டது."

ஷீட்தான் காரணம் என்று சொன்னேன். புது வேலை, வெளிச் சத்தத்தையும் அடைத்துவிட்டது என்று. மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மிஸ் ஃபோன். விபத்தைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நல்ல மனுசர்கள். ஜீப்பில் சத்தமே இல்லை, சந்தோஷமாம். ஆனால் ட்ரைவருக்குத் திமிர் போல, அம்மாவுக்குத் தலைசுற்றி நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை, பேச்சுக் கொடுத்தால் பதிலே இல்லை என்றார்களாம்.

யார் நிறுத்தச் சொன்னது? எப்போது?

ஜூலை 13, ஞாயிறு

விடிந்ததும் என் பக்கக் கதவைத் திறந்து ஷீட்டைப் பிய்க்க ஆரம்பித்தேன். ஒட்டாமல் படுத்தியது, இப்போது வர மாட்டேன் என்கிறது. கையெல்லாம் கறுப்பு. ஜெயா வந்து நின்றாள். வாயைப் பார்த்தேன்.

"எதுக்குங்க பிக்கிறீங்க?"

"இந்தச் சனியன்தான் ஹார்ன அடைச்சிருச்சு."

"பின்னால ஒக்காந்தவங்களுக்குக் கேட்டுச்சாம்ல? அவங்களும் அதே ஜீப்புல தானே இருந்தாங்க?"

கையிலிருந்த கத்தியை எறிந்தேன். அவள் மேல் இல்லை, தேயிலைக்குள். வாயை மூடு என்று கத்தினேன். மூடவில்லை. குமாருக்கு ஃபோன் போட்டாள்.

பாறை வளைவு. கீழிருந்து ஹார்ன் அடித்துக் காட்ட ஜீப்பைக் குமார் எடுத்துப்போனான். நானும் ஜெயாவும் மேலே, ரோட்டில் நின்றோம். ஷீட் இல்லை, கதவு இல்லை, எஞ்சின் இல்லை. காற்றும் நாங்களும். ஜெயா கையை நீட்டி விரலை மடக்கினாள். ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இன்னொன்று.

"எப்பத்தான் அடிப்பான் அவன்?" என்றேன்.

அவள் மடக்கிய விரல்களை என் முகத்துக்கு நேரே காட்டினாள். அழுதுகொண்டிருந்தாள்.

குமார் மேலே வந்தான். என் முன்னால் நின்று, வாயைப் பெரிதாகத் திறந்து, மெதுவாகச் சொன்னான். "ரொம்ப நாளாவே நாங்க பதில் அடிச்சாலும் நீங்க நிக்கிறதில்ல மச்சான். ஒங்க ஜீப்பு சத்தம் கேட்டா நாங்கதான் எல்லாரும் கீழயே நின்னுருவோம். நேத்து ஜீப்பு சத்தம் வரல, வேற யாரோன்னு நெனச்சு ஏறிட்டேன்."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. இத்தனை காலம் ஜீப் இரைச்சல் என்று நினைத்தேனே! எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறேன் அந்த வளைவில். பயமாக இருக்கிறது. வெட்கத்தை விடப் பயம்தான்.

ஜூலை 14, திங்கள்

வெயில். மலை எல்லாம் துலக்கமாக.

பிய்த்த கதவுக்கு நானாவிடம் புது ஷீட். விஷயத்தைச் சொன்னேன். "ஆஸ்பத்திரில காட்டுங்க, இப்ப காதுக்கு மெஷினெல்லாம் இரிக்கி" என்று அவர் காதைத் தொட்டுக் காட்டினார். கிளினிக் வியாழன்.

மிஸ்ஸுக்கு ஃபோன் பண்ண வேண்டியிருந்தது. எடுத்து எடுத்து வைத்தேன். சீசனும் போய்விடும், பேரும் போய்விடும் என்று ஒரே படபடப்பு. கடைசியில் ஜெயா பேசினாள், நான் பக்கத்தில். அவருக்குக் காது சரியில்லை மிஸ், என் தம்பி லைசன்ஸ் உள்ளவன், லீவு போட்டு ஓட்டுவான், ஜீப் எங்க ஜீப்தான். ரொம்ப நேரம் அவள் பேசாமல் ஃபோனைக் காதில் வைத்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சரி என்று தலையாட்டினாள். நாளைக்கு ஒரு பயணம். அதைப் பார்த்துத்தான் மிச்சச் சீசனாம்.

ஜூலை 15, செவ்வாய்

பட்டிப்பொலைப் பயணம். கொழும்பிலிருந்து வந்த நான்கு பேர். சாவி குமாரிடம். இடது சீட்டில் நான், என் சொந்த ஜீப்பில் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. திரும்பும்போது பாறை வளைவில் குமார் ஒன்று அடித்தான், நின்றான், தலையைச் சாய்த்தான், ஒதுங்கினான். லொறி ஏறி வந்தது. எனக்கு அது சத்தம் இல்லாத சினிமா போல.

பிறகு கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் நான்கு பேரும் சிரித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். என்னைத்தான் கேலி பண்ணுகிறார்கள் என்று சுர்ரென்று ஏறியது. குமார் என் தொடையைத் தட்டினான். வாயைப் பார்த்தேன்.

"ஒங்ககிட்டத்தான் மச்சான் கேக்குறாங்க. ஜீப்புல இவ்வளவு அமைதியா போனதே இல்லயாம். யாரு செஞ்ச வேலைன்னு."

திரும்பி, நான்தான் என்றேன். கத்திவிட்டேன் போல. நான்கு பேரும் திடுக்கிட்டார்கள்.