சாமி ஊசிக்குப் போகிறார்

“சாமி, பொம்பளைங்க கை புத்த பிக்கு மேல படக்கூடாது. துணியை விரிங்க, காப்பியை அதுல வைக்கிறேன்!” நேற்று தன் அக்காமார் எதிரில் பிம் இப்படிச் சொன்னதும் வீடே சிரித்தது.

“முடி கொட்டினவன் எல்லாம் பிக்குவாடி? பாத்துக்கிட்டே இரு,” என்றான் அவள் கணவன் அனுச்சா.

இன்று அவள் விழிக்கும் முன்பே ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டினான்.

“பிம், சியாங்மாய் கிளினிக்குக்குப் போகிறேன். முடி வளர, என் ரத்தத்தையே எடுத்து மெஷினில் சுழற்றி, என் தலையிலேயே ஊசியாகப் போடுவார்கள். மூன்று தடவை போட வேண்டுமாம்; நீ எவ்வளவு சிரித்தாலும் மூன்று தடவையும் போவேன். ஒட்டரிசிச் சோறு மூங்கில் கூடையில். சாவி செருப்பு அலமாரிமேல்.”

வாசல்வரை போனவன் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினான்.

“கேலி இருக்கட்டும். நீ என்னைத் தொட்டு நாளாயிற்று. ஊசி வலி ஆறியதும், முன்பு போல என் தலையைக் கோதிவிடு, பிம். முடி வராவிட்டாலும்.”