பத்துக் குத்தும் ஒரு தட்டும்

இராயபுரம்,
19-9-1957

அன்பு மகன் திருமலைக்கு உன் நைனா கருணாகரன் எழுதிக்கொள்வது. அங்காளம்மா புண்ணியத்தில் நாங்கள் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த யோகோஹாமா ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு கெடாமல் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்கு மனசு ஆறும். உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பதில் போடாததற்கு ஆர்பர் வேலையைச் சாக்குச் சொல்லலாம், கோதுமைக் கப்பல் ஒன்று மாற்றி ஒன்று வந்து நிற்கிறது, ஆனால் உண்மை அது இல்லை. ஆனி மாதம் ஊரெல்லாம் வந்த அந்த ஃப்ளூ காய்ச்சல் எனக்கு விட்டும் விடாத மாதிரிதான் இருக்கிறது, கப்பலில் பாரம் தூக்குகிற விஞ்சு பிடிக்கிற தோள்பட்டை மதியத்துக்கு மேல் தூக்கமாட்டேன் என்கிறது. மேஸ்திரி பார்த்துவிட்டு, பெருசு நீ கொஞ்சம் குந்து என்கிறார், கேட்கக் கசப்பாகத்தான் இருக்கிறது, ஆனாலும் குந்திவிடுகிறேன். உன் தங்கச்சி நீலா பிரசவத்துக்கு எண்ணூரிலிருந்து வந்திருக்கிறாள், ஏழாம் மாதம், கருவாட்டைத் தவிர வேறு எதுவும் இறங்கவில்லை அவளுக்கு. உன் அம்மா முழங்கால் வலியோடு காசிமேட்டுக்கும் வீட்டுக்கும் கூடை தூக்கிக்கொண்டு அலைகிறாள், சொன்னால் கேட்கிறவளா அவள். அங்கே மீனைப் பச்சையாகத் தின்கிறார்கள் என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து, அய்ய, கலீஜு, எம்புள்ள வயிறு இன்னாத்துக்கு ஆவுறது, அடுப்பு கூடவா இல்ல அந்த ஊர்ல என்று தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கிரேன் பழகப் போன இடத்தில் கராத்தே பழகுகிறாய் என்று படித்ததும் எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இதே ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று நாற்பத்திரண்டில் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது உன்னையும் நீலாவையும் மீஞ்சூரில் கொண்டுபோய் விட்டவன் நான், இப்போது நீ அவனிடமே போய்க் கையைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய். நீ எழுதியதில் நான் விளங்கிக்கொண்டது இதுதான். கிளவுஸ் கிடையாது, வெறுங்காலோடு பலகைத் தரையில் எதிரெதிரே நிற்கிறீர்கள், நீ விடுகிற குத்து அவன் முகத்துக்கு ஒரு விரல்கடை முன்னால் நின்றுவிட வேண்டும், பட்டுவிட்டால் குறை உனக்குத்தான். நல்ல முறை என்றுதான் தோன்றுகிறது. பட்டுத் தொலைத்த குத்தைத் திரும்ப எடுக்க முடியாது, நிறுத்திய குத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. உனக்கு இடுப்பும் காலும் நன்றாக ஓடுகிறது, ஆனால் உன் இடது பக்கமாக ஒருவன் வந்தால் மட்டும் கண்ணை மூடி மோவாயை இழுத்துக்கொள்கிறாய் என்று உன் வாத்தியார் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதுவரைக்கும் நிதானமாகத்தான் படித்துக்கொண்டு வந்தேன். அதற்குக் கீழே, நான் சின்ன வயசிலேயே கண் கொட்டினவன்தானே, அதற்குத்தானே நைனா என்னை அறைந்தீர்கள், என் உடம்பிலேயே இருக்கிற பயம் இது, அடுத்த மாதக் கடைசியில் வருகிற பரீட்சையில் நிற்காமல் விலகிவிடலாம் என்றிருக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தவன் பன்னிரண்டு நாளாக அதைச் சுமந்துகொண்டே வேலைக்குப் போய் வருகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது அந்த நாலு வரியைத் தாண்டிவிட்டேன்.

நம் குத்துச்சண்டைக் கூட்டத்து வழக்கம் உனக்குத் தெரியும். பிள்ளைக்கு முதல் கிளவுஸ் கொடுப்பதற்கு முன்னால், காணும் பொங்கலன்று அவனைச் சுவரோரம் நிறுத்தி அப்பன்காரன் மூக்குக்கு நேரே பத்துக் குத்து விடுவான், ஒன்றும் தோலில் படாது. கண் கொட்டினால் கன்னத்தில் ஒரு தட்டு, அத்தோடு அந்த வருசம் போச்சு. பத்துக்கும் கொட்டாமல் நின்றால் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, இரண்டு கிளவுஸையும் கட்டிக் கழுத்தில் மாலையாகப் போடுவோம். கொட்டினானா இல்லையா என்று சொல்ல வேண்டியவன் அப்பன்தான், மற்றவன் குறுக்கே பேசக் கூடாது. நாற்பத்தொன்றில் உனக்கு எட்டு வயசு. அந்தக் காணும் பொங்கலுக்கு முதல் நாள் எனக்குப் பந்தயம் இருந்தது, நாலாவது ரவுண்டில் விழுந்தேன் என்பதுவரைக்கும் உனக்குத் தெரியும், எப்படி விழுந்தேன் என்று இந்த வீட்டில் யாருக்கும் நான் சொன்னதில்லை. எதிராளி இடக்கையைத் தூக்கிச் சும்மா பாவலா காட்டினான், குத்தே விடவில்லை, நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிட்டேன். திறந்தபோது தரையில் கிடந்தேன். கண்ண மூடிக்கினான்டா கருணாகரன் என்று கொட்டகையே சிரித்தது, அந்தச் சிரிப்போடுதான் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் வழக்கத்தைத் தள்ளிப் போட்டிருக்கலாம், முகம் வீங்கிக் கிடக்கிறது என்று சொன்னால் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். தோஸ்துகள் எல்லாம் வந்துவிட்டார்களே என்று வீம்புக்கு உன்னை நிறுத்தினேன். அவர்கள் எண்ண எண்ண நான் விட்டேன், நீ என் கையைப் பார்க்கவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். ஒன்பது ஆயிற்று. கல்மண்டபத்துத் தையல்கடை பஷீர் சும்மா கிண்டலுக்கு, இன்னா மாமு, புள்ள உன்ன மாதிரி இல்லியே, கண்ணே கொட்டலியே என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். பத்தாவது குத்தையும் விட்டேன். நீ கண் கொட்டவில்லை. திருமலை, நீ கண் கொட்டவே இல்லை. கொட்டிட்டான் என்று நான்தான் சொன்னேன், சொல்லும்போதே உள்ளங்கையைக் குவித்துக் கன்னத்தை விட்டு உன் இடது காதில் அறைந்தேன். அடித்த பிறகுதான் அடித்தது எனக்கே தெரிந்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது, அப்படி இல்லை, தெரிந்துதான் அடித்தேன். பஷீர் மட்டும் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து போனான், அன்றைக்குப் போனவன் இன்றுவரைக்கும் நம் வீட்டுப் படி ஏறவில்லை, தெருவில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறான். மூன்றாம் நாள் உன் காதில் சீழ் வந்தது, அதோடு அந்தக் காது கேட்காமலே போனது. நடுவில் ஒரு நாள் நீ கடலில் குளித்திருந்தாய், எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. கடல் தண்ணீர் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொன்னேன், அம்மாவிடமும் அதையே சொன்னேன், நீயும் அதையே நம்பி வளர்ந்தாய். இது அடி மாதிரி தெரிகிறதே என்று டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார், அப்போதும் கடல் என்றுதான் சொன்னேன். அடுத்த வருசம் காணும் பொங்கலன்று நீயாக வந்து, நைனா இந்த வாட்டி கொட்ட மாட்டேன் என்று சுவரோரம் நின்றாய். ஆர்பரில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். அன்றைக்கு எனக்கு வேலையே இல்லை.

ஆகவே உன் வாத்தியார் கண்டுபிடித்தது பயம் இல்லையப்பா. வலது பக்கம் வருகிறவன் பலகையில் கால் தேய்ப்பதும் மூச்சை இழுப்பதும் உனக்கு முன்கூட்டியே கேட்டுவிடுகிறது, இடது பக்கம் கேட்பதில்லை, அந்தப் பக்கத்தில் கண் ஒன்றை மட்டுமே நம்பிக் கிடக்கிறாய், அதனால் கண் பதறுகிறது. முதல் காரியமாக வாத்தியாரிடம் போய்க் காது கேட்காது என்று சொல், வெட்கப்படாதே, தெரியாமல் அவர் யாரையாவது அந்தப் பக்கம் ஏவி உனக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறது. இடது காலை முன்னால் வைத்து நிற்கிறாய் என்றால் மாற்றி வலது காலை முன்னால் வைத்து நின்று பார், கேட்கிற காது எதிராளி பக்கம் வந்துவிடும், பத்து நாள் கை கால் குழம்பும், பிறகு சரியாகிவிடும். கையைப் பார்க்காதே, கழுத்துக்குக் கீழே இரண்டு தோளும் தெரிகிற மாதிரி பார், தோள் அசையாமல் கை வராது. அவன் வரும்போது நேராகப் பின்னால் போகாதே, அரை அடி பக்கவாட்டில் விலகு, மூச்சைப் பிடித்து வைக்காதே. இதற்கு மேல் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பரீட்சையில் நிற்பதும் நிற்காததும் உன் இஷ்டம், இடுப்பு வலிக்கிறது, கிரேன் வேலை அதிகம், பிடிக்கவில்லை, எதற்காக வேண்டுமானாலும் விலகு. பயந்தாங்கொள்ளி என்று எண்ணிக்கொண்டு மட்டும் விலகாதே, அது எனக்குக் கொட்டகையில் கிடைத்த பெயர், அதை உன் தலையில் கட்டியவன் நான்.

இதுவரைக்கும் எழுதியதை நேற்று அம்மாவுக்குப் படித்தேன், உன் கடிதத்தில் தாண்டிய நாலு வரியையும் சேர்த்துத்தான். கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். கடைசியில், எத்தினி வருசம் அந்தக் காதுல எண்ண காச்சி ஊத்திகினு இருந்தேன், கூடவே குந்திகினு பாத்துகினுதானே இருந்த, ஒரு நாளு கூடவா உனுக்கு வாய் வரல என்றாள். தட்டில் சோறு போடுகிறாள், முகம் பார்ப்பதில்லை. போடட்டும், அது அவள் நியாயம். நீலா ஒன்றும் தெரியாமல் இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறாள். பரீட்சைக்கு முன்னால் உன் கையில் கிடைக்க வேண்டும் என்று இதை ஏர்மெயிலில் போடுகிறேன்.

அங்காளம்மா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், எடுத்த வேலையை முடித்து நல்லபடியாக ஊர் வந்து சேர். குளிருக்கு இடது காதில் பஞ்சு வைத்துக்கொள். இதற்குப் பதில் எழுதும்போது, பரவாயில்லை நைனா என்று ஒரு வரியில் முடித்துவிடாதே. மனசில் வருகிறதை வருகிற மாதிரியே எழுது, ஏசத் தோன்றினால் ஏசு. அம்மாவுக்குப் படித்துக் காட்டப் போகிறவன் நான்தான், ஒரு வரி தாண்டாமல் படிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் நைனா,
மு. கருணாகரன்