நம் மடுவுக்குப் போட்ட படிகள்

அக்கா,

மடுவுக்கு இறங்கும் வழியில் இன்று காலை ஈரச் சிமெண்டு வாசனை அடித்தது. பெயர்ந்துபோன படி ஒன்றைப் பூசியிருக்கிறார்கள். அந்த வாசனை வந்தாலே எனக்கு உங்கள் மேல் கோபம் வந்துவிடுகிறது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் உங்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறதே.

கொட்டச்சேடு தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்துக் கை காலெல்லாம் பிசுபிசுக்க, எஸ்டேட் பெண்கள் எல்லோரும் அந்த மடுவில்தான் குளிப்போம். ஆண்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். வேரைப் பிடித்து இறங்க வேண்டும், வழுக்கினால் நேரே தண்ணீர்தான். பாறையில் துணியைக் காயப்போட்டுவிட்டு நாம் பேசாத பேச்சா? வீட்டில் அடக்கிய அழுகையைக்கூட அங்கேதான் கொட்டினோம்.

காரில் வருகிறவர்கள் வழி கேட்டால் நீங்கள்தான் முந்திக்கொள்வீர்கள். "அங்க போயிராதீங்க சாமி, காட்டெருமை கன்னு போட்டிருக்குது." அந்த எருமை வருஷம் முழுக்கக் கன்று போட்டது. கார் திரும்பியதும் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

பிறகு நீங்கள் குளிக்க வருவதை நிறுத்தினீர்கள். கேட்டதற்கு, "சளி கண்ணு, தண்ணி ஆவாது" என்றீர்கள். நம்பினேன். நீங்கள் இறந்த மறு மாதமே, சுற்றுலா வருகிறவர்களுக்காகப் படி கட்ட ஆட்கள் வந்தார்கள். இந்த இடத்தை யார் காட்டிக்கொடுத்தது என்று சண்டைக்குப் போனேன். மேஸ்திரி தயங்கித்தான் சொன்னார்.

"ஏனுங்க, அளக்க வந்தப்ப உங்க அக்காதானுங்க வழி காட்டுனாங்க. முட்டி நொம்ப வலிக்குது, புடிச்சு எறங்க ஒரு கம்பி வெச்சுக் குடுங்கன்னு கெஞ்சுனாங்க."

கம்பி வந்தது. உங்கள் கை அதில் படவே இல்லை. இப்போது பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். இத்தனை செல்போன்களுக்கு நடுவே எந்தப் பெண் குளிப்பாள்? பாறை இடுக்கெல்லாம் சிப்ஸ் பாக்கெட். நிஜமாகவே தண்ணீர் குடிக்க வந்துகொண்டிருந்த காட்டெருமைகளும் வருவதில்லை.

இன்று ஒரு பெரியவர் ஒரு கையால் மகளையும் மறு கையால் கம்பியையும் பிடித்து இறங்கி வந்தார். தண்ணீரில் காலை வைத்ததும் குழந்தைபோலச் சிரித்தார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கால் முடியாதவர்களுக்கும் ஆசை இருக்கும்தானே.

உங்களுக்கும் இருந்திருக்கிறது. அதை என்னிடம் மறைத்தீர்கள், அதுதான் இன்னும் ஆறவில்லை. வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதுகில் சுமந்து இறக்கியிருப்பேன். என்னைக் கூப்பிடாமல் ஊரையே கூப்பிட்டுவிட்டீர்களே, அக்கா.