பவளம் முழங்கால் மடித்தபோது

டோர்ட்மண்ட்
நவம்பர், ஞாயிறு மாலை

அன்பு மகன் ரஜிதனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. எட்மன்டனில் நீயும் தக்சாயினியும் நலமாயிருக்க மன்றாடுகிறேன்.

முதலில் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். நாயோட்டச் சங்கத் தலைவர் ஹெர் புரோக்மன் மீது நான் நாயை ஏவிவிட்டேன் என்று சுந்தரேஸ்வரி தமிழ்க் கடையில் நின்று வருவோர் போவோருக்கெல்லாம் சொல்கிறாளாம். கனடா வரைக்கும் அது வந்திருக்கும். நான் ஏவவில்லை. விப்பெட் சாதி ஓட்டநாய் ஆளைக் கடிக்கும் என்பவள் விப்பெட்டைக் கண்டதே இல்லை. அவர் வாசலில் நின்றார். நான் கதவைச் சாத்தினேன். கதவு அவருடைய தொப்பியைத் தட்டிவிட்டது. தொப்பியைத் துடைத்து மறுநாளே தபாலில் அனுப்பிவிட்டேன்.

அவர் வந்தது நம் நாய் பவளத்தின் உமிழ்நீரைப் பரிசோதனைக்கு எடுப்பதற்கு. எவ்லினை உனக்கு நினைவிருக்கும், ஆஸ்பத்திரித் தாதி, பவளத்தின் மகளை நம்மிடம் வாங்கியவள். அந்த நாய் இந்தக் கோடையில் நன்றாக ஓடியது. அதைக் குட்டி போட வைக்கலாமென்று அவள் விண்ணப்பித்திருக்கிறாள். இப்போதெல்லாம் அதற்கு முன் பரம்பரையைப் பரிசோதிக்கிறார்கள். எவ்லினின் நாயில் கிரேஹவுண்ட் என்ற பெரிய சாதியின் கலப்பு இருப்பதாக முடிவு வந்தது. அது எங்கிருந்து வந்ததென்று தேடிக்கொண்டு மகளிடமிருந்து தாய்க்கு, நம் வீட்டுக்கு, வந்தார்கள்.

இதில் என்ன பெரிய குற்றம் என்று சுந்தரேஸ்வரி கேட்டாள். "ரெண்டும் மெலிஞ்ச நாய்தானே அக்கா, ஒண்டு சின்னன், மற்றது பெரிசு" என்றாள். கிரேஹவுண்ட் இரத்தம் உள்ளதை விப்பெட் என்று பதிந்து விப்பெட்டுகளோடு ஓடவிட்டால், பத்தாம் வகுப்புப் பிள்ளையை ஐந்தாம் வகுப்பில் இருத்திப் பரிசு வாங்குவதுபோல் என்று சொன்னேன். அது களவு, களவுக்கு வேறு பெயர் இல்லை என்றும் சொன்னேன். அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கதவைச் சாத்தியது பிழை என்று இரண்டொரு நாளில் தோன்றியது. ஒளிக்க ஒன்றுமில்லாத வீடு இது. ஆகவே சங்கக் கூட்டத்துக்கு நானே பவளத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். எவ்லின்தான் காரில் ஏற்றிப் போனாள். ஓடுதிடலுக்குப் பக்கத்தில் அதே கட்டடம்தான். வென்றவர்களின் பலகையில் அப்பாவின் பெயரைப் பார்த்துக்கொண்டே எழுந்து பேசினேன். என் ஜெர்மன் அங்கிருந்தவர்களில் பாதிப் பேருடையதைவிடச் சுத்தமாயிருந்தது. என் கணவர் உருக்காலையில் உடம்பை முறித்து உழைத்தவர், மேற்பார்வையாளர் ஒருவர் ஓய்வுபெறும்போது அன்பாகக் கொடுத்த நாயிலிருந்து இந்தப் பரம்பரையை வளர்த்தவர், அவருக்குப் பெல்ஜியத்து மொழி ஒன்றும் தெரியாது, பவளத்தின் தாய் செல்வியை இணைசேர்க்க அங்கே கொண்டுபோன இடத்தில் நாய்க்காரன் கலப்பு நாயைக் காட்டி ஏமாற்றியிருக்கிறான் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அத்தோடு நான் உட்கார்ந்திருக்கலாம்.

ஆனால் அவர் எவ்வளவு ஒழுங்கான மனிதர் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும்போல் இருந்தது. கன்னியர் மடப் பள்ளியில் மதர் சுப்பீரியர் வந்தால் நாங்கள் ஒரு முழங்காலை மெல்ல மடித்துத் தாழ்வோம். கலியாணமான புதிதில் அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பிறகு செல்வி பெல்ஜியம் போய் வந்து ஈன்ற குட்டிகளை அவர் பின்முற்றத்தில் பழக்கினார். தோளில் ஒரு தடி தொட்டால் போதும், நான்கு காலும் மடங்கி, முதுகு தாழ்ந்து, அசையாமல் நிற்கும். என்னைக் கூப்பிட்டுக் காட்டி, "பாருமப்பா பேர்பெச்சுவா, உம்மடை கொன்வென்ற் பிள்ளையள்" என்றார். எனக்காகத்தான் பழக்குகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் பெருமையாகக் காட்டியிருக்கிறேன். அதற்கு முந்திய நாய்கள் ஒன்றுக்கும் அந்தப் பழக்கம் இல்லை என்பதை நான் யோசித்ததே இல்லை.

அங்கேயும் காட்டினேன், ரஜிதன். குடை நுனியால் பவளத்தின் தோளைத் தொட்டேன். வயது போனாலும் அவள் மறக்கவில்லை. அழகாகத் தாழ்ந்து நின்றாள்.

புரோக்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. வென்றுவிட்டேன் என்று நினைத்து அமர்ந்தேன்.

திரும்பும் வழியில் எவ்லின் காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னாள். ஓட்ட அனுமதி கொடுக்குமுன் நடுவர் நாயின் தோளில் அளவுகோலை வைத்து உயரம் பார்ப்பாராம். அளவைத் தாண்டினால் விப்பெட்டுகளோடு ஓட ஏலாது. கோல் பட்டதும் தாழ்ந்து கொடுக்கப் பழகிய நாய் இரண்டு விரற்கடை குறைவாகத் தெரியும். அசல் விப்பெட்டுக்கு அதைப் பழக்க ஒரு தேவையுமில்லை என்றாள். சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பவளத்தின் பரிசோதனை முடிவும் வந்துவிட்டது, அதே கலப்புத்தான். எவ்லினின் நாயை வம்சப் பதிவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அது இனி ஓடாது. பூங்காவில் கயிற்றில் நடத்திக்கொண்டு போகிறாள். சனிக்கிழமைகளில் எனக்குச் சாப்பிடப் பாணும் கொண்டுவருகிறாள், என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. பலகையிலிருந்து அப்பாவின் பெயர்த் தகட்டைக் கழற்றிவிட்டதாகப் புரோக்மன் மரியாதையாக அறிவித்தார். அந்தத் தகட்டை அனுப்பவா என்றும் கேட்டார். வேண்டாமென்றேன்.

பெல்ஜியக்காரரையும் விசாரித்திருக்கிறார்கள். தான் ஒருவரையும் ஏமாற்றவில்லை என்கிறார். அந்த ஆண் நாய் கலப்பு என்று முதலிலேயே சொன்னாராம். வந்தது ஒரு தகப்பனும் மகனும், மகன்தான் பிரெஞ்சு பேசினான், மகனிடம்தான் எல்லாம் சொன்னேன் என்கிறார்.

நீ பள்ளியில் பிரெஞ்சு நன்றாகப் படித்தாய். நான்தான் பக்கத்தில் இருந்து சொற்களைக் கேட்டுப் பார்ப்பேன்.

தொலைபேசியில் இதைக் கேட்டேன். "விடுங்கோ அம்மா, அதுகும் நாய், இதுகும் நாய்" என்றாய், பிறகு பனியைப் பற்றிப் பேசத் தொடங்கினாய். அந்தப் பெல்ஜியக்காரர் சொன்னதை அப்பாவுக்கு அப்படியே மொழிபெயர்த்தாயா? இல்லை, நல்ல நாய் என்று மட்டும் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தாயா? முற்றத்தில் தடியோடு நின்றவர் அப்பாதான், அதை நான் என் கண்ணால் கண்டேன். ஆனால் அந்த வித்தையை அவருக்கு யார் சொன்னார்கள்? நடுவருக்குப் பிடிக்கும், இப்படிப் பழக்குங்கோ என்று நீ சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். நீ சொன்ன எதையும் அவர் மறுத்துக் கேட்டதில்லை. இப்படி யோசித்து அப்பாவைக் காப்பாற்றப் பார்க்கிறேன். அப்போது நீ கையை விட்டுப் போகிறாய். உன்னைக் காப்பாற்றினால் அவர் போகிறார். விளக்கை அணைத்த பிறகும் மனம் இதையே செய்துகொண்டிருக்கிறது. இருவரையும் வைத்துக்கொள்ள ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை.

தையில் அப்பாவின் ஆண்டுப் பூசை வருகிறது. நினைவு அட்டை அச்சடிக்கக் கொடுக்க வேண்டும். போன முறை படத்துக்குக் கீழே "நேர்மை தவறாத குடும்பத் தலைவர்" என்று போட்டோம், நீதான் எழுதித் தந்தாய். இம்முறையும் அதையே போடவா என்று அச்சகத்தில் கேட்டார்கள். பிறகு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பொய்யை அச்சடித்துக் கோவில் வாசலில் நின்று கொடுக்க என்னால் ஏலாது. அது உண்மையாயிருந்தால் அந்தச் சொல்லை அவருடைய பெயரிலிருந்து எடுக்கவும் ஏலாது.

பவளம் அதிகம் சாப்பிடுவதில்லை. நான் அவளைத் தோளில் தொடுவதை விட்டுவிட்டேன். தலையை மட்டும் தடவுகிறேன்.

நீ எதை எழுதினாலும் என் பிள்ளைதான். ஆண்டவர் உன்னையும் தக்சாயினியையும் காக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள்.

அப்பாவுக்குத் தெரியுமா, தெரியாதா? தொலைபேசியில் வேண்டாம். உன் கையால் எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
பேர்பெச்சுவா அருளப்பு